பிறையிலிருந்து மிண்டனுக்கு

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய பல்கலைக்கழக வகுப்பு அட்டவணையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை 9 முதல் 11 வரை ஒரு விரிவுரை, அடுத்தது மாலை 4 மணிக்கு. வியாழனும் அதே கதைதான். கணிதப் பாடத்துக்கு ஒரு புலம் நேரம் போடுகிறது, கல்வியியல் பாடத்துக்கு இன்னொரு புலம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு நடுவில் இப்படி ஓட்டை விழத்தான் செய்யும். விடுதிப் பிள்ளைகள் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவார்கள். நீ தீவிலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் பிறையில் இருக்கும் வீட்டுக்கு வந்து திரும்பப் போகலாம் என்று நினைக்காதே. போக வர ஒன்றரை மணி நேரம் போய்விடும், வீட்டுக்கு வந்தால் சோறு, சோறு உண்டால் தூக்கம். மிண்டன் வளாகத்திலேயே, ஹம்சா செண்டுட் நூலகத்தில் ஒரே இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள். உன் படிப்பு மேசை இனி அதுதான்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. நம் மலேசியப் பட்டப்படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, டுட்டோரியல் என்கிற சிறுகுழு வகுப்பு, இடுபணி (அசைன்மென்ட்), தேர்வுக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நீ 16 கிரெடிட் எடுத்திருக்கிறாய், அதாவது 640 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 37, 38 மணி வருகிறது. உன் அட்டவணையில் இருப்பது 20. மீதி 17, 18 மணியை நீயே ஒதுக்கினால்தான் உண்டு. வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் தடுமாறுவது விரிவுரைக்குப் போகாததால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத இந்த 17 மணி கரைந்துபோவதால்.

கரைக்கிறவர்கள் வேண்டுமென்று செய்ய மாட்டார்கள். நீ வீட்டில் இருப்பது தெரியும், வேலையாக இருப்பது தெரியாது. பாட்டிக்கு மருந்து வாங்க வேண்டும், தம்பியை டியூஷனில் விட வேண்டும், பட்டர்வொர்த்திலிருந்து அத்தை வந்தால் தேநீர் கலக்க வேண்டும். எதையும் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம், நன்றாகவும் இருக்காது. இரண்டு வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள்: ராத்திரிப் பாத்திரம் கழுவுவது, சனிக்கிழமை சந்தை. நேரம் குறித்த வேலை உன்னைக் கெடுக்காது, கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போவதுதான் கெடுக்கும். பாட்டியின் அரசாங்க கிளினிக் தேதியை உனக்கு வகுப்பில்லாத வெள்ளிக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேள். ஒரு மாதம் முன்னால் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். தம்பி டியூஷனை அப்பா பார்த்துக்கொள்வார், நான் பேசிவிட்டேன். கல்வியாண்டு அக்டோபரில் தொடங்கினால் பொங்கலும் தைப்பூசமும் தேர்வை ஒட்டித்தான் வரும். அதை உறவுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வை. அப்போது போய்ச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

மோட்டார் சைக்கிள் விஷயம். 2019-இலிருந்து பாலத்தில் மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது, அதனால் செலவு பெட்ரோல்தான். மாதம் 700 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்று, அப்படியே சங்கிலியின் தொய்வையும் பார்க்கச் சொல். பாலத்தில் பயம் மழையை விடக் காற்று. பக்கவாட்டில் அடிக்கும், லாரி கடந்து போகும்போது சட்டென நின்று மறுபடி தள்ளும். இடது ஓரத்தை விடாதே, அந்த இடத்தில் கைப்பிடியை இறுக்காமல் வேகத்தைக் குறை. மேலே போர்த்திக்கொள்கிற மழைக்கோட்டு வேண்டாம், காற்றில் பாய்போல் விரிந்துவிடும். சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனியாக வருவதை வாங்கு. கறுப்பு மேகம் தெரிந்தால் பாலத்தில் ஏறாதே. முன்கூட்டியே தெரிந்தால் பட்டர்வொர்த்தில் ஃபெரி எடுத்து, ஜெட்டியில் ரேப்பிட் பேருந்து பிடி. நேரம் கூடத்தான் ஆகும்.

குழு இடுபணியில் ஒரு சிக்கல் வரும். உன் குழுவில் மற்றவர்கள் எல்லாம் ரெஸ்து, சௌஜானா விடுதிக்காரர்கள். ராத்திரி 10 மணிக்குச் சந்திக்கலாம் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே மாலை 6 மணிக்கு மேல் நேரில் வர முடியாது, 9 மணிக்கு இணையத்தில் வருவேன் என்று சொல்லிவிடு. சும்மா சொன்னால் நழுவுவதாக நினைப்பார்கள். அதனால் யாரும் விரும்பாத வேலையை, கடைசியாக எல்லாவற்றையும் தொகுத்துச் சீர்படுத்துவதை, நீ ஏற்றுக்கொள். அதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

இப்போது மைக்ரோ டீச்சிங், அதுதான் நீ நடத்திக் காட்ட வேண்டிய குறும்பாடம். உன் பாடத்திட்டத்தை வாசித்தேன். பித்தாகரஸ் தேற்றம், இடைநிலைப்பள்ளி முதல் படிவம், நல்ல தேர்வு. ஆனால் நோக்கத்தில் ‘மாணவர்கள் தேற்றத்தைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதியிருக்கிறாய். புரிந்ததை எப்படி அளப்பாய்? ‘இரண்டு பக்கங்கள் கொடுக்கப்பட்டால் மூன்றாவதை 5 கணக்குகளில் 4-இல் சரியாகக் காண்பர்’ என்று எழுது. அப்படி எழுதினால்தான் மதிப்பீடும் தானாக வரும், ஒவ்வொரு மாணவருக்கும் தேர்ச்சி நிலை போடவும் கைகொடுக்கும்.

உன் எடுத்துக்காட்டுகள் மூன்றிலும் செங்கோணம் கீழே இடப்பக்க மூலையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் தேற்றத்தை விட்டுவிட்டுப் படத்தை மனப்பாடம் செய்துகொள்வார்கள். ஒன்றைத் திருப்பிப் போடு, ஒன்றில் கர்ணத்தைப் படுக்க வை. இன்னொன்று, 13-உம் 5-உம் கொடுத்தால் பாதி வகுப்பு 169-உடன் 25-ஐக் கூட்டும், ஏனென்றால் அதுவரை கூட்டித்தான் பழக்கம். எது கர்ணம் என்று முதலில் வட்டமிடச் சொல், பிறகு கணக்கு. தடுமாறுகிறவர்களுக்கான குறைநீக்கலுக்கு இந்த ஒரு தவறை மட்டும் எடுத்தாலே போதும்.

பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகைக்கு நீ 12 நிமிடம் கொடுத்திருக்கிறாய். 60 நிமிடப் பாடத்திலேயே 5 நிமிடந்தான் தாங்கும், உன்னுடையது 20 நிமிடப் பாடம். காணொளி வேண்டாம். ஏணியைச் சுவரில் சாய்த்தாற்போல் ஒரு கோடு போட்டுக் கேள்வி கேள், 2 நிமிடத்தில் முடியும். பாடம் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனை மீட்சியை அன்றைக்கே எழுது. எத்தனை பேர் எந்தப் படியில் நின்றார்கள் என்று இருக்க வேண்டும். ‘பாடம் சிறப்பாக நடந்தது’ என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையில் கேட்பார்.

மணிலா அட்டையை மோட்டாரில் கொண்டுபோக முடியாது, மடிந்துபோகும், நனையும். மாஜோங் தாளில், அந்தப் பெரிய மெல்லிய தாளில், எழுதிச் சுருட்டிப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு முதுகில் மாட்டிக்கொள். எழுத்து 5 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கறுப்பு, நீலம் போதும், மஞ்சள் கடைசி வரிசைக்குத் தெரியாது.

பயிற்றுப்பணிக்கு, அதாவது பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் பயிற்சிக்கு, எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்கிற படிவம் வரும்போது, வீட்டுக்குப் பக்கம் என்று உன் பழைய பள்ளியை எழுதிவிடாதே. அங்கே ஆசிரியர் அறையில் நீ இன்னும் மாணவிதான். உனக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள், குறை சொல்ல மாட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், 20 நிமிடத்துக்குள் போகக்கூடிய வேறு பள்ளியாகப் பார். காலை ஏழேகாலுக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், பயிற்றுப்பணிப் பதிவேடும் அன்றன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பாஜு கூரோங் என்கிற மலாய் உடையோ புடவையோ, பள்ளியில் போய் மாற்றிக்கொள். மோட்டாரில் கட்டிக்கொண்டு போகாதே, சங்கிலியில் சிக்கும்.

திருத்திய பாடத்திட்டத்தைச் செவ்வாய் இரவுக்குள் அனுப்பு. புதன் காலை எனக்கு முதல் இரண்டு பாடவேளை ஓய்வு, பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா