டார்ச் பிடித்தது நான்தான், அப்பா

அப்பா,

நாளையோடு ஒரு வருஷம். உங்கள் அலமாரியை இப்போதுதான் திறந்தேன். பச்சை ஃபைலில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதை இங்கே விவரிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அத்தையின் கடிதத்தை ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தீர்கள்? அதுவும் அத்தை எழுதிக்கொடுத்ததாக நீங்கள் காட்டிய அந்தப் பத்திரத்தோடு ஒரே கவரில்?

இரண்டிலும் உள்ள கையெழுத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ஒரே ஆள் இரண்டு முறை போடும் கையெழுத்து அப்படிப் பொருந்தவே பொருந்தாது. எங்காவது ஒரு சுழி நீளும், ஒரு கோடு இறங்கும். அப்புறம் அந்த மை. சரசரவென்று போடுகிற கையெழுத்தில் கோடு ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் மெலியும். பார்த்து வரைந்தால் ஒரே தடிமனில் லேசாக நடுங்கிக்கொண்டே போகும். உங்கள் கோடு நடுங்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், மனசு உறுத்தியிருக்கிறது, அதனால்தான் கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்து. யார் வரைந்தாலும் நடுங்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு அப்போது 9 வயது. காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் இருக்கும். "தூங்கலையா? வா, அப்பாவுக்கு ஒரு உதவி பண்ணு" என்றீர்கள். கண்ணாடி மேஜைக்கு அடியில் உட்காரவைத்து டார்ச்சைக் கொடுத்தீர்கள். நேராக மேலே பிடிக்க வேண்டும், ஆடக் கூடாது. அண்ணாந்து பார்த்தால் காகிதம் மஞ்சளாக எரிந்தது. அத்தையின் எழுத்து வலது இடதாக மாறித் தெரிந்தது. அதன் மேல் உங்கள் பேனா முனை ஒரு கறுப்புப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது. பள்ளியில் வரைபடத்தை ஒற்றி எடுப்போமே, அந்த மாதிரி ஏதோ வேலை என்று நினைத்தேன். கை வலித்து மாற்றிக்கொண்டபோது நீங்கள் திட்டவில்லை, பேனாவைத் தூக்கிக் காத்திருந்தீர்கள். முடிந்ததும் என் கையை உங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டீர்கள். "சமத்து" என்றீர்கள்.

அவ்வளவு நேரம் பொறுமையாக நீங்கள் என்னோடு இருந்த இன்னொரு ராத்திரி எனக்கு நினைவில் இல்லை. அதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லையே நீங்கள்.

அந்தக் கடிதத்தை இப்போதுதான் நேராகப் பிடித்துப் படிக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுத்தான் அத்தை எழுதியிருக்கிறார்.

பெரியவர்கள் கூடிப் பேசிய அன்று, "இது என் கையெழுத்து இல்லை" என்று அத்தை சொன்னதும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அத்தை வந்து எழுதிக்கொடுத்ததை நீ பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்கள். கேட்கச் சொன்னது நீங்கள். பார்த்தேன் என்றேன். குழந்தை பொய் சொல்லாது என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்று எழுந்துவிட்டார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் எழுதியதைப் பின்னாளில் படித்தேன். யாரை அண்டிப் பிழைக்க வேண்டுமோ அவரே துரோகம் செய்தால், அது கண்ணில் படாமல் இருப்பதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு, அதனால் மனசே அதை மறைத்துவிடும் என்கிறார். அவர் பேசுவது பெரும்பாலும் குழந்தைகளுக்கே நேரும் கொடுமைகள் பற்றி. நீங்கள் என் மேல் கை ஓங்கியதுகூட இல்லை, படிக்கிறவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எத்தனை வருஷம் நான் அந்த டார்ச்சை நினைக்காமலே இருந்தேன் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான். அது விளக்கம்தான். 9 வயதில் சொன்ன பொய்யை 20 வயதிலாவது திருத்தியிருக்கலாம். உங்கள் மேல் பழிபோட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்று இதை எழுதும்போதே தோன்றுகிறது.

அந்தப் பத்திரத்தால் வந்த பணம் எதற்குப் போனது என்று இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள். எனக்காகத்தான் செய்தீர்கள் என்று அவர்களில் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். எனக்காக என்றால் என்னைக் கேட்டிருக்கலாம் அப்பா, அத்தையை ஏமாற்றாமல் நம்மால் சமாளிக்க முடியாதா என்று. 9 வயதிலும் அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

மன்னித்துவிடுங்கள், இதை ஊரறிய எழுதுவதற்கு. நீங்கள் இருக்கும்போது கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றியது நான்தான்.

என் பங்கை அத்தையின் பெயருக்கு எழுதிக்கொடுக்கிறேன். பத்திரம் தயார், வியாழக்கிழமை கையெழுத்து. அத்தைக்குப் போன் செய்து அவரும் வர வேண்டும் என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

இல்லை. நாளைக்கு நீங்கள் போன நாள். நாளை மறுநாள் சொல்வேன்.