தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்குத் திருப்பணிக் குழுவின் தோத்திரங்கள். நம் ஆலயத்தின் பழுதுபார்ப்புப் பணிகள் தேவ கிருபையால் நிறைவுற்றன என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.

பணியின் முறையைத் தீர்மானித்தது ஆலயத்தின் வரலாறே என்பதால், அதை முதலில் நினைவுகூர்கிறோம். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற இந்தச் சிறு கடற்கரைப் பகுதிக்கு, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனெரிகளான சீகன்பால்க் ஐயரும் புளுட்சாவ் ஐயரும் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கினர். அவர்கள் 1707 ஆகஸ்ட் 14 அன்று பிரதிஷ்டை செய்த முதல் எருசலேம் ஆலயம் பின்னர் கடலுக்கு இரையாயிற்று. ஆகவே கடலிலிருந்து சற்று விலகி, ராஜா வீதியில் 1717 பிப்ரவரி 9 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, சிலுவை வடிவில் எழுந்த இன்றைய ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டையானது. அதன்பின் ஐந்து மாதங்கள்கூட நிறையுமுன், 1719 பிப்ரவரி 23 அன்று, தமது 36ஆம் வயதில் சீகன்பால்க் ஐயர் மறைந்து, இவ்வாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றபின்னும் ஆராதனை தொடர்ந்தது. 2004இன் ஆழிப்பேரலை தரங்கம்பாடியைச் சூறையாடியதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

கடல் இன்றும் நம் சுவர்களை விட்டபாடில்லை. உப்புக்காற்றும் நிலத்தடி ஈரமும் சுண்ணாம்புச் சுவரில் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு வழியே அந்த ஈரம் வெளியேறிவிடும். ஆனால் முந்தைய பழுதுபார்ப்புகளில் பூசப்பட்ட சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்ததால், உப்புப் பூத்துச் செங்கல் பொடிந்தது. எனவே சிமெண்டை முழுவதும் கொத்தியெடுத்து, செங்கல் உலர்ந்த பிறகே, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தனார்கள் பூசினர். காலம் அதிகமானதைக் குறித்துச் சிலர் வருந்தினீர்கள். அவசரப்பட்டிருந்தால் இதே பணியை விரைவில் மீண்டும் செய்ய நேர்ந்திருக்கும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முகப்பிலுள்ள அரச முத்திரையைத் தூசி நீக்கியதோடு நிறுத்திக்கொண்டோம். பளிச்சென்று வண்ணம் தீட்டும் யோசனையை ஏற்கவில்லை. சீகன்பால்க் ஐயரின் கல்லறை தொடப்படவில்லை. கதவு, சன்னல்களில் உளுத்த பகுதிகளை மட்டும் மாற்றினோம்.

வரவு செலவுக் கணக்கு, தணிக்கைக்குப் பின் சபையாரின் பார்வைக்கு வைக்கப்படும். இனி ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கூரையையும் மழைநீர் வடிகால்களையும் சோதிக்க வேண்டும் என்றும், குழுவின் ஒப்புதலின்றிச் சுவரில் ஆணியோ சிமெண்டோ சேரக்கூடாது என்றும் சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.