குசினி யன்னலுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய காசில் எங்கே போய்ச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாய். போனில் சொல்லத் தொடங்கினேன், சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஜேர்மனியில் நான் வேலை செய்த அந்தப் பழைய காஸ்ட்ஹவுசுக்கு, அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். 1992இலிருந்து 11 வருடம் அதன் குசினியில் நின்றவன் நான். முதல் இரண்டு வருடம் கோப்பை கழுவினேன், பிறகு ஷ்னிட்செல், அதுதான் தட்டையாகத் தட்டித் தூளில் புரட்டிய இறைச்சி, பொரித்தேன். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தேனே தவிர, சாப்பாட்டு அறையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற சின்ன யன்னலால் தெரிந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்த அறை.

சுவரெல்லாம் கறுத்த மரப்பலகை, மேலே மான்கொம்புகள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வட்ட மேசை, நடுவில் ‘ஸ்டாம்டிஷ்’ என்று எழுதிய பித்தளைத் தகடு. வழமையாக வருகிற ஊர்க்காரருக்கு உரிய மேசை அது, வேறு ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஒரு வயதானவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் கைகொடுக்காமல், விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இருந்தார். அதுதான் எல்லாருக்குமான வணக்கம். அந்தச் சத்தத்தை 11 வருடமாகக் குசினிக்குள் கேட்டிருக்கிறேன் பிள்ளை. என்ன சத்தம் என்று இப்போதுதான் கண்ணால் கண்டேன்.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டா என்பதால் மெனுவை நான்தான் வாசித்தேன். ‘வீனர் ஷ்னிட்செல்’ என்று மட்டும் இருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சி. வேறு இறைச்சியை அந்தப் பெயரில் ஜேர்மனியில் விற்க முடியாது. பன்றியில் செய்தால் ‘வீனர் ஆர்ட்’, அதாவது வியன்னா மாதிரி, என்று போடுவார்கள். அம்மாவுக்கு வான்கோழியும் உருளைக்கிழங்கு சலாட்டும் சொன்னேன், எனக்குப் பன்றி. காளான் சோஸ் வேண்டுமா என்று பரிமாறுகிற பெண் கேட்டா. வேண்டாம், தேசிக்காய்த் துண்டு போதும் என்றேன். மொறுமொறுவென்று பொரித்ததன் மேல் சோஸை ஊற்றினால் பொரித்தவனின் பாடு வீண்.

அந்தப் பாடு என்னவென்று உனக்கு நான் சொன்னதேயில்லை. இறைச்சியைப் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, அரைச் சென்டிமீற்றர் தடிப்பு வரும்வரை தட்டுவோம். பிறகு மா, அடித்த முட்டை, கடைசியாக றஸ்க் தூள். அம்மா றோல்ஸ் செய்வதைப் பார்த்தவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் றோல்ஸுக்குத் தூளை அமத்தி ஒட்டுவோம், இதற்கு அமத்தவே கூடாது. அது தெரியாமல் முதல் கிழமை முழுக்க ஏச்சு வாங்கினேன். சட்டியில் புட்டர்ஷ்மால்ஸ், எங்கள் நெய்தான் அது, இறைச்சி மிதக்கிற அளவுக்கு இருக்கவேண்டும். பொரியும்போது சட்டியை விடாமல் ஆட்டவேண்டும். சூட்டு நெய் மேலே ஏறி அடிக்க அடிக்க, அந்தத் தூள் தோல் இறைச்சியை விட்டு எழும்பி அலை அலையாக உப்பும். ஞாயிறு மத்தியானம் இரண்டு கையிலும் இரண்டு சட்டி. இரவில் படுத்தாலும் மணிக்கட்டு தானாக ஆடும்.

தட்டு வந்தது. கத்தியை வைத்ததும் தோல் தனியாகக் கழன்றது, உள்ளே காற்று. நல்லாப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்துவிட்டு, “இவ்வளவு காலமும் ஆறினதைத்தானே சாப்பிட்டிருக்கிறோம்” என்றா. ஞாயிறு இரவுகளில் நான் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவேனே, ஞாபகமா? நீ தோலை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு இறைச்சியை என் கோப்பையில் வைப்பாய்.

47 யூரோ வந்தது. 52 என்று சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எங்கள் காலத்தில் அந்த மேல்காசு குசினிக்கு வந்து சேர்ந்ததில்லை. அதனால் எழும்பி யன்னலடிக்குப் போனேன். உள்ளே இருபது வயதுப் பெடியன், நெற்றியெல்லாம் வியர்வை. ஷ்னிட்செல் மிக நன்றாக இருந்தது, நானும் இந்த இடத்தில் நின்றவன் என்று சொல்லிப் பத்து யூரோ நீட்டினேன். கையை ஏப்ரனில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் வாங்கினான். நானும் அப்படித்தான் துடைப்பேன்.

யூலையில் நீங்கள் வரும்போது ஞாயிறு மத்தியானத்துக்கு மேசை சொல்லி வைக்கிறேன். திங்கட்கிழமை அவர்களுக்கு லீவு, பூட்டு. பேரனுக்குச் சின்ன ஷ்னிட்செல் இருக்கிறது. அவனும் தோலை உரித்துத் தின்றால் ஏசாதே, இறைச்சியை என் கோப்பையில் போடச் சொல்லு.

அன்புடன்,
அப்பா