பட்டுவுக்கு, ஊட்டிக் குளிரிலிருந்து

பெர்ன்ஹில், ஊட்டி
ஜனவரி 18

அன்புள்ள பட்டு,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. மூன்று ஸ்வெட்டர், இரண்டு குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ். ரோஜா நிற ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும், ஹாஸ்டல் மொட்டைமாடியில் கணக்குப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு நீ பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அளவு கச்சிதம். ஒன்று மட்டும் சொல்கிறேன், திட்டாதே: குல்லாவில் இருந்த நாடாக்களை வெட்டிவிட்டேன். கழுத்தடியில் முடிச்சுப் போடும் எதுவும் கைக்குழந்தைக்கு ஆகாதாம். தூக்கத்தில் நழுவினால் கழுத்தை இறுக்கிவிடும்.

போன மாதம் போனில் கேட்டாயே, "அந்தக் குளிரில் பிள்ளைக்கு எத்தனை சட்டை போடுகிறாய்?" என்று. அன்றைக்கு நான் ஏதோ பெருமையாக ஏழு என்று சொன்னேன். அந்தப் பதிலை மறந்துவிடு. உன் மகளுக்குப் பிப்ரவரியில் டொரண்டோவில் பிரசவம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பேரன் பிறந்தது டிசம்பர் 21. எடை 2 கிலோ 400 கிராம், இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலையில் பார்த்தால் புல் முழுக்க உப்பைத் தூவினாற்போல் உறைபனி. தலைகுந்தா பக்கம் வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. மதுரைக்காரி புத்தி உனக்குத் தெரியாதா? ஃபேனை ஒரு புள்ளி குறைத்தாலே நமக்கு அது குளிர்காலம். நேராகப் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் இருக்கிற திபெத்தியர் கடைகளுக்குப் போய் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், ஃபிளானல் துணி, ஒரு சின்னக் கம்பளி, அதற்கும் மேல் பெரிய கம்பளி. குல்லாவும் சாக்ஸும் கிளவுஸும் கணக்கில் சேர்த்தி இல்லை. என் மகன் அறைக்குள் வந்து, "அம்மா, பிள்ளை எங்கே?" என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் ராத்திரி பிள்ளை முகம் செக்கச் செவேலென்று ஆனது. பிடரி ஈரம். பாலுக்கு வாய் வைக்கிறான், உடனே விட்டுவிட்டு அழுகிறான். தெர்மாமீட்டரில் 100.2. அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயம் உரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் அடுக்கினாள். நான் அந்தக் குவியலைப் பார்க்காமல் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஒரு சட்டையும் ஒரு துணியுமாக மருமகள் மடியில் கிடந்தான். 98.8 ஆனது. பாலும் குடித்தான். மற்ற பரிசோதனைகளையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். "இன்னொரு முறை 100.4 காட்டினால், துணியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள் பாட்டி, நேராக வந்துவிடுங்கள்" என்றாள். பாட்டி! முதல் தடவை என்னை ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டது அங்கேதான்.

குளிருகிறதா புழுங்குகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். புறங்கையால் வயிற்றைத் தொடு, அப்புறம் உள்ளங்காலைத் தொடு, அவ்வளவுதானாம். இரண்டும் கதகதப்பாக இருந்தால் பிள்ளை சௌக்கியம். வயிறு சூடு, கால் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது, ஒரு துணி கூட்ட வேண்டும். இரண்டுமே சில்லென்று இருந்தால் அது ஆபத்து. தாயின் மார்போடு அணைத்துப் போர்த்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, விரலை விரலைத் தொட்டுப் பார்த்து "ஐயோ ஜில்லென்று இருக்கிறதே" என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். முதல் சில நாட்களுக்குக் கைவிரல் நீலம் பாரித்தாற்போல் குளிர்ந்திருப்பது சகஜமாம். விரலை நம்பி ஏமாந்தேன்.

அவ்வளவு சின்ன உடம்புக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது, பட்டு. நமக்கெல்லாம் பல் தந்தியடித்துச் சூடு வரும். அவர்களுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் சிறுநீரகத்தை ஒட்டியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு அந்தக் கையிருப்பும் குறைவு. குளிரில் விட்டால் குடித்த பாலெல்லாம் சூட்டுக்கே செலவாகி எடை ஏறாது. தலை வேறு உடம்புக்குப் பெரிசு, மொத்தத் தோலில் ஐந்தில் ஒரு பங்கு தலையிலேயே இருக்கிறது. அதனால் பிறந்த புதிதில் குல்லா வேண்டும் என்பது சரிதான். ஆனால் அறை கதகதப்பாக இருந்தால் தூங்கும்போது கழற்றிவிடச் சொன்னாள். சூடு மிஞ்சினால் அது வெளியேறும் முக்கியமான வழியும் அந்தத் தலைதான். நம்மைப்போல் வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் பிள்ளைக்குச் சரியாக வராது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் கொடுமைக்கு, அதிகச் சூடும் முகத்தை மூடும் போர்வையும் சேர்ந்து வழிவிடும் என்றாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மல்லாக்கப் படுத்திருந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒன்று அதிகம்" என்று ஒரு கணக்கும் கொடுத்தாள். இதில் ஒரு சிக்கல். எந்தப் பெரியவர்? நான் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும் மப்ளருமாகத் திரிகிறேன். மருமகள் குன்னூரில் வளர்ந்தவள், ஒரே ஒரு ஸ்வெட்டரில் இருக்கிறாள். என் கணக்கில் ஒன்று கூட்டினால் பழைய கதைதான். ஆகவே அவள் கணக்கில் ஒன்று. இதை வீட்டில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொன்று, இங்கே ஒரே நாளில் இரண்டு ஊர். விடியற்காலை 5 டிகிரி, நடுப்பகல் 20. அதனால் தடியாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக மூன்று போடுவது நல்லது. நடுவில் நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கும், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். உடம்பை ஒட்டிப் பருத்தி. துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டித் துணிக்கு ஈடாக எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்பளி அதன்மேல்தான். நேரே தோலில் பட்டால் அரிக்கும்.

ஆனால் போடுவதைவிடக் காய வைப்பதுதான் இங்கே பெரும் பாடு. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துணி. வெயில் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடுகிறது. மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. தொட்டால் காய்ந்தாற்போல் இருக்கும், கன்னத்தில் வைத்தால் ஈரம் தெரியும். அந்த ஈரத்தோடு போட்டால் துணியே குளிரை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். இப்போது ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டுத்தான் எடுக்கிறேன். ஸ்வெட்டருக்குச் செலவழித்த பணத்தில் இன்னும் இரண்டு டஜன் நாப்பி வாங்கியிருக்கலாம்.

குளிப்பாட்டும் விஷயத்தில் என் பாட்டி காலத்து அறிவெல்லாம் செல்லவில்லை. பிறந்ததும் குளிப்பாட்டக்கூடாது, 24 மணி நேரமாவது போகட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தொப்புள்கொடி விழும்வரை வெந்நீரில் துணியை நனைத்துத் துடைப்பதுதான். இப்போதுதான் குளியல், அதுவும் பகல் பன்னிரண்டு மணி வெயிலில், ஐந்தே நிமிடம், முதல் வேலையாகத் தலையைத் துவட்டல். சாம்பிராணி கிடையாது. அந்தப் புகை இல்லாமல் எனக்குக் குளிப்பாட்டிய மாதிரியே இல்லை, இருந்தாலும் பச்சை நுரையீரலுக்குப் புகை எதற்கு? இவர் ஒரு நாள் அக்கம்பக்கத்தில் பார்த்துவிட்டு, கரி அடுப்பைக் கொண்டுவந்து அறையில் வைக்கப்போனார். மருமகள் கத்தியே விட்டாள். கதவடைத்த அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூட இருக்காது, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். இப்போது எண்ணெய் ஹீட்டர் ஒன்று, கட்டிலுக்கு எட்டாத மூலையில்.

எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது எது தெரியுமா? துணியே இல்லாததுதான். நாப்பி, குல்லா, சாக்ஸ் மட்டும் போட்டுப் பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது. கங்காரு முறை என்கிறார்கள். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஒரு டாக்டர் ஆரம்பித்ததாம். பெயர் எட்கர் ரே. இன்குபேட்டர் இருக்கிற இடங்களிலும் இப்போது எடை குறைந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். மருமகள் சாப்பிடும் நேரத்தில் என் மகன் முறை. ஆறடி ஆள், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு அசையாமல் சாய்ந்து கிடக்கிறான், மூச்சுகூட அளந்து விடுகிறான். பிறந்தபோது அவனை அவன் அப்பா தூக்கவே பயந்து முப்பது நாள் தள்ளி நின்றதை நீயே பார்த்திருக்கிறாய். தினம் 25, 30 கிராம் என்று எடை ஏறி, இந்த வாரம் 2 கிலோ 900.

சரி, உன் டொரண்டோவுக்கு வருவோம். என் தங்கை அங்கேயே ஸ்கார்பரோ பகுதியில் இருபது வருஷமாக இருக்கிறாள், அவளிடம் கேட்டு எழுதுகிறேன். அங்கே வீட்டுக்குள் குளிரே தெரியாது, இரவும் பகலும் ஹீட்டர். ஆகவே உள்ளே கைகால் மூடிய பருத்தி உடுப்பு ஒன்றே போதும். ராத்திரிக்குப் போர்வைக்குப் பதில் ஜிப் வைத்த ஸ்லீப் சாக், அதாவது கைகளை வெளியே விட்டு உடம்பில் மாட்டும் தூங்கும் பை. கட்டிலில் தலையணை, பொம்மை, உன் பின்னல் கம்பளி எதுவும் கூடாது. அவள் அழுத்திச் சொன்னது கார் சீட் பற்றி. பஞ்சு வைத்த தடித்த கோட்டைப் போட்டு பெல்ட் மாட்டினால் இறுகினாற்போல் தெரியும். மோதினால் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்து, பிள்ளை நழுவிவிடும். மெல்லிய உடுப்போடு மாட்டி, இறுக்கி, அதற்கு மேலே கம்பளியைப் போர்த்த வேண்டும், முகத்தை விட்டுவிட்டு. கடைக்குள் நுழைந்தால் தூங்குகிற பிள்ளை என்று பார்க்காமல் மேல் உடுப்பைக் கழற்ற வேண்டுமாம். இதுதான் உனக்குக் கஷ்டம், தூங்குகிற பிள்ளையைத் தொட உனக்கு மனசு வராது.

இதையெல்லாம் தேடும்போது ஒன்று படித்தேன். பின்லாந்தில் 1938 முதல் அரசாங்கமே பிரசவத்துக்கு முன் ஒரு பெட்டி கொடுக்கிறது. முதலில் ஏழைகளுக்கு, 1949 முதல் எல்லாருக்கும். பனிக்கு உடுப்பு, குல்லா, தூங்கும் பை எல்லாம் அதில் இருக்கும், பெட்டியையே தொட்டிலாக்கிக்கொள்ளலாம். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் 2015-இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பெட்டகத்தில் கொசுவலையும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. ஊட்டிக்கு இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதி வேண்டும்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இவருக்கு மலைப்பாதையில் நடக்கப் பிடித்துப்போய், லவ்டேல் வரை போய்வருகிறார். மார்ச்சில்தான் நான் மதுரைக்கு இறங்குவேன். அதற்குள் நீ பறந்திருப்பாய். விசா வந்ததும் தேதியை எழுது. அண்ணனின் பழைய வேட்டி ஐந்தாறு இருக்குமே, அவரிடம் கேட்காமலே எடுத்துப் பெட்டியின் அடியில் வை. ரோஜா ஸ்வெட்டரை இன்று காலை போட்டோம். பதினோரு மணிக்குக் கழற்றியாயிற்று.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி