நமக்கென ஒரு பாட்டு: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே,

வணக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவாகட்டும், சமூக மன்றங்களில் நடக்கும் பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டங்களாகட்டும், நம் பிள்ளைகள் பெரும்பாலும் திரைப்பாடல்களின் கரோக்கிக்குத்தான் பாடுகிறார்கள். மேடை அலங்காரத்துக்கும் விருந்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை ஒதுக்கும் நாம், நமக்கென ஒரு பாட்டை இசையமைத்துத் தரும்படி இங்குள்ள இசைக்கலைஞரிடம் கேட்பது மிக அரிது என்பதே என் மனக்குறை.

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரப் பொங்கல் நிகழ்ச்சிக்காக, யூடியூபில் தம் சொந்தப் பாடல்களை ஏற்றிவந்த ஈசூன் வட்டாரத்து இளைஞர் ஒருவருக்கு இன்ஸ்டகிராம் வழியாக நேரடியாக எழுதினேன். பாடப்போகும் பிள்ளைகளின் வயது என்ன, எந்தச் சுருதி அவர்களுக்கு வசதி என்பவைதாம் அவர் முதலில் கேட்ட கேள்விகள். நான்கு நாள் கழித்து, வாயால் முணுமுணுத்த மெட்டு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கோலம் போடும் பாட்டியைச் சரணத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டோம்; சேர்த்தார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாத உச்சத்தைக் கேட்காமலே இறக்கிக் கொடுத்தார். கடையில் வாங்கிய எந்தக் கரோக்கியும் நம் பிள்ளையின் குரலுக்காக இப்படி வளைந்து கொடுக்காது.

கேட்பது மட்டும் போதாது, முறையாகவும் கேட்க வேண்டும். நானும் பாட்டெழுதுபவன், ஓர் அமைப்புக்கு எழுதிக்கொடுத்த பாட்டுக்கான பணம் ஐந்து மாதம் கழித்தே கைக்கு வந்தது, நிகழ்ச்சி மலரில் இசையமைத்தவர் பெயரும் என் பெயரும் இல்லை. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும். பணம் கொடுத்துச் செய்வித்த ஒலிப்பதிவின் உரிமையும், வேறுவிதமாக எழுதி ஒப்புக்கொள்ளாவிட்டால், அதை உருவாக்கியவருக்கே முதலில் சேர்கிறது. பாட்டு உங்களுக்கு எந்த அளவுக்குச் சொந்தம் என்பதை ஒரு பக்கத் தாளிலாவது எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: மேடைக்கு மட்டுமா, இணையத்திலும் ஏற்றலாமா, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், வேறொருவர் பாடினால் என்ன செய்வது. அந்தக் கலைஞர், சிங்கப்பூர் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் சங்கமான காம்பஸ் (COMPASS) அமைப்பின் உறுப்பினரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் பாடல்களைப் பொது இடத்தில் இசைக்கும் உரிமையை அவ்வமைப்பு கையாள்வதால், நேரடியாகப் பணம் கொடுத்த பிறகும் அனுமதி பெற வேண்டியிருக்கலாம்.

தொகையில் பாதியை முன்பணமாக, வேலை தொடங்கும் நாளிலேயே பேநவ் (PayNow) வழியாக அனுப்பிவிடுங்கள். வீட்டு அறையில் மைக் வைத்துப் பதிவு செய்பவருக்கு வயலின் வாசிப்பவருக்கும் மிக்சிங் செய்பவருக்கும் கொடுக்கும் பணம் முன்கூட்டியே செலவாகிறது. அவர் சொல்லும் தொகையைத் திரைப்பாடல் ஒன்றைத் தரவிறக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கையில் இருப்பது குறைவு என்றால், பின்னணி இசையை எளிமையாக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள், வழி சொல்வார்.

நல்ல மெட்டுக்கும் ஒத்திகைக்கும் சேர்த்து எட்டு வாரமாவது வேண்டும். ஆகவே, அடுத்த தமிழ்மொழி விழாவுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் புதுப்பாட்டுக்கென ஒரு வரி எழுதி, கலைஞருக்கு ஜனவரியிலேயே தகவல் அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ்வாசியான பாடலாசிரியர் ஒருவர்