பிரசவ வார்டு வாசலில் கேட்கும் ‘சந்தோஷம்’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறார்கள், கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து நின்றார்கள், அவர்கள் வாயைத் திறந்து மக்களிடம் ஒரு சின்ன அன்பளிப்புக் கேட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று. படித்துவிட்டு, சரி, அவர் கருத்து அவருக்கு என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. நான் ஏற்காட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவன். சீசனில் டூரிஸ்ட், மற்ற நாளில் மலையிலிருந்து நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போவதும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதும்தான் பிழைப்பு. வார்டு வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவன் என்பதால் அங்கே நடப்பது எனக்கு ஓரளவு தெரியும்.

கொடுப்பதைப் பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்குள் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட வந்தால் வெறுங்கையோடு திரும்ப விடமாட்டார்கள். பலா காய்க்கிற காலம் என்றால் ஒரு பழம், இல்லையா வீட்டு மிளகு இரண்டு பிடி, சாமை அரிசி ஒரு படி. அந்தம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், அவர்கள் பாட்டுக்கு ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் அந்தம்மா காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே ஓட்டிப் போகும். கீழே சேலத்திலும் அப்படித்தான், மாம்பழ சீசனில் உடம்பு தேறி வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பெட்டி குண்டு மாம்பழமோ, எல்லோருக்கும் தட்டுவடை செட்டோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் லஞ்சம் என்று சொல்கிறவனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு. வேலை முடிந்து, யாரும் கேட்காமல், வேண்டாம் என்று சொல்ல இரண்டு பக்கமும் வழியிருக்கிறபோது கொடுக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கேட்பதைப் பற்றி.

சில மாதத்துக்கு முன்னால் மலைக்குள் இருந்து ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். காபி எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிற பையன், அவன் பெண்டாட்டிக்கு முதல் பிரசவம், கூட அவன் அம்மா. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, அந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. விடிகாலையில் குழந்தை பிறந்துவிட்டது. ஆயாம்மா துண்டில் சுற்றிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்தார். "பொண்ணு பொறந்திருக்கு, மகாலட்சுமி வந்திருக்கா, சந்தோஷமா ஏதாவது குடுங்க" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஆயாம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடியே நிற்கிறார். பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு 200 ரூபாயை எடுத்தான். அவர் அதைப் பார்த்தாரே தவிர வாங்கவில்லை. "உள்ளே நாங்க நாலு பேர் இருக்கோம் தம்பி, இதை எப்படிப் பிரிச்சுக்கிறது?" அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்ல? அவன் டிரவுசர் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்து 500 ஆக்கிக் கொடுத்ததும்தான் குழந்தை பாட்டி கைக்கு வந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கு ஒரு 100, துணி மாற்றிவிட்டவருக்கு ஒரு 100, பாட்டியைப் பார்வை நேரம் தாண்டி உள்ளே விட்டதற்கு கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்கு ஒரு 50. யாரும் மிரட்டவில்லை. எல்லோரும் "பார்த்துச் செய்யுங்க" என்றுதான் சொன்னார்கள்.

ஆண் குழந்தை என்றால் இந்தத் தொகை கூடும், பெண் என்றால் குறையும், இது வராண்டாவில் காத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ரேட். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பெண் குழந்தைகளைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் முதன்முதலில் கொண்டுவந்தது எந்த மாவட்டத்தில்? நம் சேலத்தில். அந்த மாவட்டத்தில் இன்றைக்கும் பிறந்து அரைமணி நேரம் ஆகாத குழந்தைக்குப் பையனா பொண்ணா என்று பார்த்து வாசலிலேயே விலை சொல்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு அந்தப் பையன் என்னிடம் தனியாக வந்து, "அண்ணா, எஸ்டேட்ல சம்பளம் போட்டதும் வண்டி வாடகை தரட்டுமா?" என்றான். பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டிலேயே கொண்டுபோய் விட 102 என்று இலவச வண்டி இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாமே கர்ப்பிணிக்கு இலவசம் என்று மத்திய அரசு 2011-இலேயே ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அறிவித்துவிட்டது. கை நீட்டி வாங்கிய இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட இதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. (இதை ஊருக்கெல்லாம் சொன்னால் என் வாடகையில் மண் விழும் என்பது எனக்கும் தெரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.) அன்றைக்கு 102 வர நேரமாகும் என்றார்கள், நானே கூட்டி வந்துவிட்டேன். சம்பளம் வந்ததும் வாடகையும் வந்து சேர்ந்தது.

இதில் எங்கே அன்பளிப்பு இருக்கிறது என்று அந்த வாசகர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, பின் சீட்டில் இடுப்பு வலியோடு துடிக்கிற பெண்ணின் புருஷனிடம், "சார், பேசின வாடகை இருக்கட்டும், சந்தோஷமா ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று நான் கேட்டால் எப்படி இருக்கும்? அவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும், சிரித்துக்கொண்டேகூடக் கொடுப்பார். ஊருக்குப் போய் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்பது வேறு.

"அரசாங்கம்தான் உனக்கு 18,000 ரூபாய் தருதே, அதுல ஆயிரம் எங்களுக்குக் கொடுத்தா என்ன" என்று கேட்கிறவர்களும் உண்டு, காதாலேயே கேட்டிருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தைச் சொல்கிறார்கள். அந்த 18,000-இல் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருவது, மிச்சம் 14,000-மும் மொத்தமாகக் கையில் வருவதில்லை, தவணை தவணையாக வங்கிக் கணக்கில் ஏறுவது. கூலி வேலைக்குப் போகிற பெண் கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் வேலைக்குப் போக முடியாதே, நல்ல சாப்பாடு சாப்பிடட்டும் என்று கொடுக்கிற காசு அது. அந்தப் பணம் கணக்கில் ஏறுவதற்குள் அதில் பங்கு கேட்டு வாசலில் ஆள் நிற்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள், வாங்குகிற அரசு ஊழியருக்கு 3 வருடம் முதல் 7 வருடம் வரை ஜெயில். கொடுத்தவனும் குற்றவாளிதான், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தையல் பிரிக்கவே ஒரு வாரம் ஆகிறது. அந்த வாரத்தில் அவள் புருஷன் பால் வாங்குவானா, லஞ்ச ஒழிப்புத் துறை ஆபீஸைத் தேடிக்கொண்டு அலைவானா? அதிலும் பெண்டாட்டியும் பிள்ளையும் அதே ஆட்கள் கையில் படுத்திருக்கிறபோது. லஞ்சம் கேட்டால் புகார் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் போர்டு வைத்திருக்கிறார்கள், பார்த்தேன், அதன் முன்னால் உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், போன் நம்பரில் கடைசி இரண்டு எண் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது.

இப்போது ஆஸ்பத்திரி ஊழியர்கள் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வாசகர் சொன்னதில் பாதி நிஜம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் பரீட்சை எழுதி 2015-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸுகளுக்கு அப்போது மாசம் 7,700 ரூபாய்தான் சம்பளம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள், அதற்காக அவர்கள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று உங்கள் பேப்பரிலேயே வந்திருக்கிறது. 2020 மார்ச் 22 சாயங்காலம் எல்லோரும் வாசலில் நின்று கை தட்டினோம், மே 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூப் போட்டது. கொரோனாவுக்கென்று எடுத்த நர்ஸுகளை 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று நம் மாநிலத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். துப்புரவு செய்கிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், செக்யூரிட்டி எல்லாம் கான்ட்ராக்டில் வருகிறவர்கள், கான்ட்ராக்டர் பிடித்தது போக என்ன கைக்கு வருகிறது என்று அவர்களைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அவர்களோடு வராண்டாவில் டீ குடித்திருக்கிறேன், கெட்டவர்கள் இல்லை. அந்த ஆயாம்மாவும் கெட்டவர் இல்லை, ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணின் முதுகைத் தேய்த்துவிட்டவரும் அவர்தான் என்று பையனின் பெண்டாட்டி வண்டியில் வரும்போது சொன்னது.

ஆனால் சம்பளம் பற்றவில்லை என்றால் கேட்க வேண்டிய ஆள் வராண்டாவில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறவரா? அவருடைய தினக்கூலி இவர்களுடையதைவிடக் குறைச்சல். கான்ட்ராக்டரைக் கேளுங்கள், டீனைக் கேளுங்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருங்கள், நாங்களும் வந்து உட்காருகிறோம், மலையிலிருந்து ஆள் ஏற்றிவர வாடகை வேண்டாம். நோயாளியிடம் ஐம்பதும் நூறுமாக வாங்கிச் சமாளித்துக்கொள்வதால்தான் அந்தக் கான்ட்ராக்டர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

பெரிய டாக்டர் மருந்துக் கம்பெனிக்காரனிடம் வாங்கினால் அது கிஃப்ட், நாங்கள் நூறு ரூபாய் வாங்கினால் லஞ்சமா என்று ஒரு வார்டு பாய் என்னிடம் மடக்கினார். நல்ல கேள்விதான். கம்பெனியிடமிருந்து டாக்டர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று 2009-இலேயே மருத்துவக் கவுன்சில் விதியில் சேர்த்துவிட்டார்கள், கம்பெனிகளும் கொடுக்கக்கூடாது என்று 2024-இல் தனியாக ஒரு நெறிமுறையும் வந்தது. மேலே அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அதற்காக கீழே வசூல் நடக்கட்டும் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவத்துறையில் நம் ஊர் நர்ஸுகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே வழிகாட்டு விதி சுலபம்: நோயாளி தானாகக் கொடுக்கிற சின்னப் பொருளை வாங்கிக்கொள்ளலாம், 50 பவுண்டுக்கு மேல் மதிப்பு என்றால் ஆஸ்பத்திரி பேரில்தான் வாங்க வேண்டும், அதுவும் கணக்கில் எழுதி. கேட்கவே கூடாது. பணமாகவும் கூடாது. கொரோனா சமயத்தில் அங்கேயும் கடைக்காரர்கள் இலவசமாக எதை எதையோ கொடுத்தார்கள், இங்கே நம் டீக்கடைக்காரர்கள் கொடுக்கவில்லையா என்ன.

ஆஸ்பத்திரிக்காகக் கேட்பது என்றால் தாராளமாகக் கேட்கட்டும். ஃபேன் வேண்டும், பெஞ்ச் வேண்டும், குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் வேண்டும் என்று நோயாளர் நலச் சங்கம் மூலமாக ரசீது போட்டுக் கேட்டால் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளும் கொடுப்பார்கள், ஏற்காட்டு எஸ்டேட்காரர்களும் கொடுப்பார்கள், பெஞ்ச் முதுகில் ‘உபயம்’ என்று பெயரைக் கொஞ்சம் பெரிசாகவே எழுதிக்கொள்ளட்டும். ஆயுத பூஜைக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவதுதான் கூடாது.

நிர்வாகம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒரு பெண் கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே ஏற்பாடு உண்டு. அதை ஒழுங்காக நடத்தினால் போதும். பாட்டி உள்ளேயே இருந்தால் குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்து காட்ட வேண்டிய வேலையே கிடையாது, அதற்குக் கூலியும் கிடையாது. அந்த ஸ்ட்ரெச்சரையும் போர்டு முன்னாலிருந்து நகர்த்திவிட்டால் நல்லது. நீங்களும் உங்கள் சேலம் பக்கத்தில் தினமும் ஒரு மூலையில் இலவச வண்டிக்கு 102, புகாருக்கு 104 என்று பெரிய எழுத்தில் போடலாம், மலையில் பேப்பர் படிக்கிற ஒருத்தர் படிக்காத பத்துப் பேருக்குச் சொல்வார்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம் ஐயா. நாளைக்கும் அதே கேட்டில்தான் வண்டியை நிறுத்த வேண்டும், அந்த செக்யூரிட்டி உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர்,
ஏற்காடு.