மாப்ள, அந்த ஆல்பத்தை ஒரு தடவை கேள்

புதுச்சேரி
8.12.2024

அன்புள்ள மாப்ள,

நாங்கள் எல்லோரும் நலம். போன வாரம் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டது பிறகுதான் தெரிந்தது. டவர் போய்விட்டது, போனில் சார்ஜும் இல்லை. புயலில் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் முட்டியளவு தண்ணீர். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் திண்டாடிப்போனோம். ஃபெஞ்சல் கரையேறியது இந்தப் பக்கம்தான் என்றாலும் விழுப்புரம், திருவண்ணாமலைக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷனைப் பொங்கலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவலைப்பட வேண்டாம் என்று தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புயலுக்கு முன்னால் பேசியபோது செஸ்டர் பென்னிங்டன் போய் ஏழு வருஷம் கழித்து, புதுப் பாடகியோடு லிங்கின் பார்க் ராக் குழு போட்ட ‘ஃப்ரம் ஜீரோ’ ஆல்பத்தைக் கேட்டாயா என்றேன். “செஸ்டர் இல்லாத லிங்கின் பார்க் எனக்கு வேண்டாம்டா” என்று சொல்லிவிட்டு, கோவையில் வெங்காய விலை என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டாய். உன்னோடு போனில் வாதாடி யார் ஜெயித்திருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஏன் வலிக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஹாஸ்டலில் அவர்கள் பாட்டைப் பாடும்போது நீதான் செஸ்டர், நான் ராப் பாடுகிற மைக். யாரோ ரைட் பண்ணிக் கொடுத்த எம்பி3 சிடி, அதில் பாதிப் பாட்டு வேறு யாருடையதோ, எல்லாவற்றுக்கும் லிங்கின் பார்க் என்றே ஃபைல் பெயர். அதிலிருந்து நிஜமான பாட்டுகளை நீதான் குரலை வைத்துப் பிரித்தெடுப்பாய். “இது அவன் தொண்டை இல்லைடா” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவாய். அந்தத் தொண்டையை அவ்வளவு நெருக்கமாகக் கேட்டவன், அந்த இடத்தில் இன்னொரு குரலை ஏற்றுக்கொள்ளாதது எனக்குப் புரிகிறது.

ஆனால் மைக் பக்கத்திலிருந்து பேச எனக்கும் உரிமை இருக்கிறது. அந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று நமக்குத் தெரியும். மைக் ஷினோடா அடிக்குரலில் ராப்பில் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார், செஸ்டர் பல்லவியில் வந்து உடைப்பார். ஒருவர் அடக்கி வைப்பதை மற்றவர் கொட்டுவார். இரட்டை நாயனத்தில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் வாசிப்பைப் பாதியிலேயே விட்டுவிட வேண்டுமா? மைக் 2018-இல் ‘போஸ்ட் ட்ராமாட்டிக்’ என்று தனி ஆல்பம் போட்டார், நீயும் கேட்டாய். நல்ல ஆல்பம்தான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் இன்னொரு குரல் வரவேண்டிய இடம் காலியாகவே இருந்தது என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவன் நீதான்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்ததே. செஸ்டரே அந்தக் குழுவின் முதல் பாடகர் இல்லை. ‘ஜீரோ’ என்ற பெயரில் இருந்தபோது மார்க் வேக்ஃபீல்ட் பாடினார். அவர் விலகிய பிறகு, 1999 மார்ச்சில், அரிசோனாவிலிருந்த செஸ்டருக்கு டேப் போனது. தன் 23-ஆவது பிறந்தநாள் விருந்தை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய் அதன் மேல் பாடி அனுப்பினாரே, அந்தக் கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்! புது ஆல்பத்தின் பெயர் அந்தப் பழைய பெயரையும் சேர்த்துத்தான் குறிக்கிறது.

ரசிகர்கள் கோபப்படுவது இந்தக் குழுவுக்குப் புதிதல்ல. 2007-இல் ‘மினிட்ஸ் டு மிட்நைட்’ வந்தபோது நம் ரூமிலேயே பாதிப் பேர் “இது என்ன, யூ2 மாதிரி இருக்கிறது” என்றார்கள். 2010-இல் ‘எ தௌசண்ட் சன்ஸ்’ வந்தபோது கிட்டார் எங்கே, கத்தல் எங்கே என்று உலகமே கேட்டது. அணுகுண்டைப் பற்றிய ஆல்பம். அதன் பெயர் கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து ஓப்பன்ஹைமர் வழியாக வந்தது. ஆயிரம் சூரியன்கள் ஒரே நேரத்தில் உதித்தாற்போல என்ற அந்த இடம். வந்தபோது அதைத் தூக்கியெறிந்த பலர் இன்றைக்கு அதுதான் அவர்களின் உச்சம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அது வேறு.

ஆனால் 2017 மே மாதம் ‘ஒன் மோர் லைட்’டுக்கு நடந்ததை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாப் பாட்டு, காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்று பேசாத பேச்சில்லை. செஸ்டர் பேட்டியில் கொதித்துப்போய்ப் பதில் சொன்னார். அவருடைய நண்பரும் பாடகருமான கிறிஸ் கார்னெல் இறந்த சேதி வந்த அன்றே டிவியில் அவருக்காக ஆல்பத்தின் பெயர் கொண்ட அந்தப் பாட்டைப் பாடினார். அதற்குப் பிறகு ரெண்டு மாதம்தான் ஓடியிருந்தது. ஜூலை 20-ஆம் தேதி, கார்னெலின் பிறந்தநாளன்று, தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். 41 வயது. அந்த ஏச்சுக்கும் அவர் சாவுக்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். மன அழுத்தமும் போதையும் சின்ன வயதிலிருந்தே அவரோடு கிடந்தவை, அவரே ஒளிக்காமல் பேசியவை. ஆனால் புற்றுநோயில் போன ஒரு சிநேகிதிக்காக அவர்கள் எழுதிய பாட்டு அது. கேட்ட முதல் வாரத்திலேயே வேண்டாம் என்று தள்ளியவர்கள், ஜூலைக்குப் பிறகு அதையே பாடி அழுதார்கள். அதனால்தான் இந்த ஆல்பத்தைக் கேட்காமலே வேண்டாம் என்று நீ சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர்கள் அவசரப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஏசி/டிசி ராக் குழுவில் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலோடு ‘பேக் இன் பிளாக்’ வந்தேவிட்டது. இவர்கள் 7 வருஷம் காத்திருந்தார்கள். நடுவில் 2017 அக்டோபரில் ஹாலிவுட் பௌலில் அந்த அஞ்சலி நிகழ்ச்சி. ‘நம்ப்’ பாட்டுக்கு மைக்ரோஃபோன் முன்னால் யாரும் நிற்கவில்லை, கூடியிருந்த ஜனம் முழுக்கப் பாடியது. அப்புறம் போன வருஷம் ‘மீட்டியோரா’ காலத்துப் பதிவிலிருந்து ‘லாஸ்ட்’ பாட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு நடுராத்திரியில் நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பேச்சே இல்லை, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த செப்டம்பர் 5-ஆம் தேதிதான் எமிலி ஆம்ஸ்ட்ராங் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டெட் சாரா’ என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். டிரம்ஸில் ராப் போர்டன் திரும்பி வரவில்லை, காலின் பிரிட்டன் வந்திருக்கிறார். கிட்டாரிஸ்ட் பிராட் டெல்சன் ஸ்டூடியோவில் வாசிக்கிறார், மேடைக்கு வருவதில்லை. அன்றைய அறிமுக நிகழ்ச்சியின் நேரலையைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டு பாடட்டுமே என்றவர்கள் உண்டு. செஸ்டரின் மகன் ஒருவரே வெளிப்படையாக வருத்தப்பட்டு எழுதினார். அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது, அப்பாவை இழந்த பிள்ளை. இன்னொரு கூட்டம் எமிலியின் பழைய விஷயத்துக்காக விலகியது. பாலியல் வழக்கில் சிக்கி, பிறகு தண்டனையும் பெற்ற ஒரு நடிகருக்காக, ஆரம்ப விசாரணையொன்றின்போது கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன், அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை என்று அறிக்கை விட்டார். அது போதாது என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். அவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. உன் காரணம் அது இல்லை என்பதால்தான் உன்னோடு பேசுகிறேன்.

சரி, ஆல்பம். மொத்தம் 32 நிமிஷம்கூட இல்லை. ‘த எம்ப்டினஸ் மெஷின்’ தொடங்குவது மைக். முதல் சரணம் அவர், பல்லவியும் அவரே. அவர் குரலில் அந்தப் பல்லவி கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்கும். ஏதோ குறைகிறதே என்று நமக்கே தோன்றுகிற நேரத்தில் ரெண்டாவது சரணத்தில் எமிலி வருகிறார். மணல் உரசுகிற மாதிரி ஒரு குரல். அதே பல்லவி திரும்பி வரும்போது முழுசாகத் திறக்கிறது. இவர்தான் புதுப் பாடகி என்று முதலில் அறிவித்துவிட்டுப் பாட ஆரம்பிக்கவில்லை மாப்ள. ஒரு பாட்டின் அமைப்பை வைத்தே சொல்லிவிட்டார்கள். மைக் எவ்வளவு நாள் யோசித்து அந்த வரிசையை முடிவு செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த முக்கால் நிமிஷம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

‘ஹெவி இஸ் த கிரவுன்’ பாட்டில் 15 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் கத்துகிறார். உடனே எல்லோரும் ‘கிவன் அப்’ பாட்டில் செஸ்டர் கத்திய 17 விநாடியோடு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. செஸ்டரின் கத்தலில் உள்ளே ஒரு சின்னப் பையன் மாட்டிக்கொண்டிருப்பான், நாம் ரெண்டு பேரும் அதைத்தான் கேட்டோம். எமிலியின் கத்தலில் கோபம் இருக்கிறது, தெம்பு இருக்கிறது, அந்தப் பையன் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் அநியாயம்.

என் குறை வேறு. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ரெண்டாமிடம் என்று வந்ததும் எல்லாரும் ‘பழைய லிங்கின் பார்க் திரும்பிவிட்டது’ என்று கொண்டாடுகிறார்கள். ‘டூ ஃபேஸ்டு’ கேட்டால் அப்படியே 2000-தான். அந்த டிஜே ஸ்க்ராட்ச், அந்தக் கிட்டார் ரிஃப், பாதியில் நின்று கத்துகிற இடம், எல்லாம் அவர்களுடைய முதல் ஆல்பமான ‘ஹைப்ரிட் தியரி’யிலிருந்து எடுத்து வைத்தது. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆல்பத்திலும் ரசிகனைக் கொஞ்சம் கஷ்டப்படுத்திப் பார்த்த குழு, இந்தத் தடவை நம்மைப் பயமுறுத்தாமல் கைபிடித்துக் கூட்டிப்போவதிலேயே குறியாக இருக்கிறது. வேறு வழியில்லை, இந்தச் சூழ்நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு ‘ஓவர்ஃப்ளோ’ பிடித்தது. மெதுவாக, எதிரொலியோடு, ‘எ தௌசண்ட் சன்ஸ்’ பக்கம் எட்டிப் பார்க்கிற பாட்டு. அடுத்த ஆல்பத்தில் அந்த வழியில் இன்னும் உள்ளே போகட்டும். ரசிகர்கள் திட்டட்டும், பரவாயில்லை.

கடைசிப் பாட்டு ‘குட் திங்ஸ் கோ’. மூன்று மாதமாக விடாத மழை என்று ஆரம்பிக்கும். கரண்ட் வந்த மறுநாள், ஹாலில் ஈரப் பாயையெல்லாம் காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். கூடவே பெரியவனும் இருந்தான். அவனுக்கு இந்தக் குழு ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேம் வழியாகத்தான் தெரியும், இந்த வருஷ உலகப் போட்டிக்கு ‘ஹெவி இஸ் த கிரவுன்’தான் பாட்டு. அவனைப் பொறுத்தவரை லிங்கின் பார்க் என்றால் எமிலிதான். “இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் பாடுனாராமே, அவர் பாட்டு இருக்காப்பா?” என்று கேட்டான். ‘ஹைப்ரிட் தியரி’யைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் நாலைந்து பையன்களுக்குச் செஸ்டரை அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறான். புது ஆல்பம் வராமல் இருந்திருந்தால் அவன் அந்தப் பக்கம் போயிருப்பானா, நீயே சொல்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். முதலில் தனியாக வந்த சிங்கிள்களில் ஆரம்பிக்காதே. ‘குட் திங்ஸ் கோ’வில் தொடங்கு, அப்புறம் ‘ஓவர்ஃப்ளோ’, அப்புறம்தான் ‘த எம்ப்டினஸ் மெஷின்’. கார் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேள். மைக்கின் குரலை மட்டும் கவனித்துக்கொண்டே போ. அவர் எந்த இடத்தில் தன் குரலை இறக்கிக்கொண்டு வழிவிடுகிறார் என்று பார். கேட்டபிறகும் வேண்டாம் என்று தோன்றினால் எழுது, அதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஆனால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று நீ எழுதியாக வேண்டும். ‘அவன் தொண்டை இல்லை’ என்ற பதில் செல்லாது.

பொங்கலுக்கு அடுத்த வாரம் அம்மாவின் ஆபரேஷன் தேதி முடிவானதும் சொல்கிறேன். நீ வருவதாக இருந்தால் சனிக்கிழமையே வந்துவிடு, தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பெரியவன் உன்னிடம் கேட்க ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறான், எல்லாம் செஸ்டரைப் பற்றித்தான். நீதான் அதற்குச் சரியான ஆள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள